பழைய செவர்லே பிக்கப்புக்கு இக்னிஷன் சாமான்கள்: எதை வாங்குவது, எதை விடுவது

வேலைக்கு வந்த வண்டி 1993 மாடல் செவர்லே சி1500. 5.7 லிட்டர் வி8, டிபிஐ வகை. கார்புரேட்டர் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு இன்ஜெக்டர் வைத்த த்ராட்டில் பாடி இருக்கும். 1988 முதல் 1995 வரை வந்த செவர்லே சி/கே பிக்கப்புகளிலும் அதன் கூடப்பிறந்த ஜிஎம்சி சியராவிலும் இதே இன்ஜின் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் சுமை தூக்கி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் இவை.

குறை மூன்று. ஐடிலில் உதறல். மழை பெய்தாலோ பனி இறங்கினாலோ மிஸ்ஸிங் கூடுகிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இழுவை வராமல் வெட்டி வெட்டி ஏறுகிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. விளக்கு எரியவில்லை என்பதை வைத்து இக்னிஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. மிஸ்ஸிங்கைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஓபிடி-2 அமைப்பு 1996 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டருக்கு எந்தச் சிலிண்டர் ஃபயர் ஆகவில்லை என்று தெரியாது.

ஈரத்திலும் லோடிலும் குறை கூடினால் முதலில் பார்க்க வேண்டியது உயர் மின்னழுத்தப் பக்கம்: காயிலுக்குப் பிறகு வரும் ஒயர், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டார், பிளக். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய நுழைந்து அழுந்தி நிற்கும். அந்த அடர்த்தியில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவை. காயில் அதைக் கொடுக்க முயலும். ஆனால் வழியில் எங்காவது ரப்பர் வெடித்திருந்தால், மூடியில் ஈரக்கோடு இருந்தால், பிளக் வரை போகாமல் அங்கேயே இரும்பில் பாய்ந்துவிடும். ஐடிலில் தாங்குகிற ஒயர் மேட்டில் கைவிடுவதற்குக் காரணம் இதுதான்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. இருட்டில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலால் ஒயர்கள் மேலும் மூடியைச் சுற்றியும் மெல்லிய நீர்த்தூவல் அடியுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும், டக் டக் என்ற சத்தமும் கேட்கும். ஒயரைக் கையால் தொடாதீர்கள். இந்தக் காயில் 30,000 வோல்ட்டைத் தாண்டும். இந்த வண்டியில் மூடியின் அடியிலும், டிரைவர் பக்கம் பின்னால் இருக்கும் இரண்டு ஒயர்களின் பூட்டிலும் (பிளக்கை மூடும் ரப்பர் முனை, அதாவது பூட்) பொறி தெரிந்தது.

கடைக்குப் போகும் முன்

இன்ஜின் எதுவென்று வண்டி எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் சொன்னதை நம்பி வாங்கிய சாமானில் பாதி திரும்பக் கடைக்குப் போகும். டேஷ்போர்டில், டிரைவர் பக்கக் கண்ணாடி வழியே தெரியும் 17 எழுத்து விஐஎன் எண்ணில் எட்டாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். 1988–95 டிபிஐ வண்டிகளில் இசட் (Z) என்றால் 4.3 லிட்டர் வி6, ஹெச் (H) என்றால் 5.0, கே (K) என்றால் 5.7, என் (N) என்றால் 7.4. பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு: பி (P) 1993, ஆர் (R) 1994, எஸ் (S) 1995, டி (T) 1996.

1995-க்கும் 1996-க்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1996-இல் வோர்டெக் இன்ஜின் வந்தது. லிட்டர் அதே 5.7, பெயர்ப்பலகையும் ஏறக்குறைய அதே. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வேறு, பிளக் வேறு. டிபிஐ இன்ஜினில் பிளக் இடைவெளி 0.035 அங்குலம், வோர்டெக்கில் 0.060. கவுண்ட்டரில் ‘5.7 செவி’ என்று மட்டும் சொன்னால் எது கைக்கு வரும் என்பது கடைக்காரர் அன்றைக்குப் பார்க்கும் பக்கத்தைப் பொறுத்தது. எட்டாவது எழுத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்ஜின் அறையில் ஒட்டியிருக்கும் எமிஷன் ஸ்டிக்கரையும் படித்துவிடுங்கள். டைமிங் (பொறி அடிக்கும் நேரம்) எவ்வளவு, அதைப் பார்க்க எதைக் கழற்ற வேண்டும், பிளக் இடைவெளி என்ன என்று அதில் இருக்கும். புத்தகமும் ஸ்டிக்கரும் முரண்பட்டால் ஸ்டிக்கரை நம்புங்கள். அது அந்த வண்டிக்காகவே ஒட்டப்பட்டது.

இந்த வேலைக்கு வாங்கியவை: பிளக் 8, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி 1, ரோட்டார் 1, பிளக் ஒயர் செட் 1 (எட்டு பிளக்குக்கு எட்டும் காயிலுக்கு ஒன்றுமாக ஒன்பது ஒயர்), டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு சின்ன டியூப், மாட்யூல் (காயிலுக்கு மின்சாரத்தை விட்டு வெட்டும் மின்னணுப் பாகம்) அடியில் தடவும் வெப்பக்கடத்திப் பேஸ்ட் ஒரு சின்ன பாக்கெட். காயிலும் மாட்யூலும், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுற்றுவதை உணரும் பிக்கப் காயிலும் முதலில் வாங்கவில்லை. அவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

பிளக்கில் செலவைக் கூட்டாதீர்கள்

இந்த இன்ஜினுக்குச் சாதாரணத் தாமிர உள்ளீடு கொண்ட நிக்கல் முனை பிளக் போதும். ஏசி டெல்கோ வகையில் பெரும்பாலும் கண்ணில் படுவது சிஆர்43டிஎஸ் (CR43TS), ஆர்43டிஎஸ் (R43TS), ஆர்45டிஎஸ் (R45TS) போன்ற எண்கள். இவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் தவறான பெட்டியை வாங்க மாட்டீர்கள். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 4 என்பது 14 மி.மீ. மரை. அடுத்த எண் வெப்ப அளவு: எண் கூடினால் பிளக் சூடாக ஓடும், குறைந்தால் குளிர்ந்து ஓடும். டி என்றால் கூம்பு இருக்கை, வாஷர் கிடையாது. எஸ் என்றால் முனை சற்று நீண்டு வெளியே வரும்.

43-க்கும் 45-க்கும் மரையில் வித்தியாசமில்லை. இரண்டும் ஏறி உட்காரும், இரண்டிலும் இன்ஜின் ஓடும். ஆனால் அதிகச் சுமை இழுக்கும் வண்டியில் 45 போட்டால் முனை சூடேறி, பொறி வரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. நாள் முழுவதும் தெருவுக்குத் தெரு நின்று நின்று போகும் வண்டியில் மிகக் குளிர்ந்த பிளக் போட்டால் கரி ஏறி அடைத்துக்கொள்ளும். ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உள்ள எண்ணைவிட்டு விலக வலுவான காரணம் வேண்டும்.

பிளாட்டினம், இரிடியம் பிளக்குகளின் லாபம் ஒன்றுதான்: முனை மெதுவாகத் தேயும். இந்த வண்டிகளில் பிளக்கை 30,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய 48,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். அதற்குள் ஒயரையும் மூடியையும் எப்படியும் பார்க்க வேண்டியிருக்கும். லட்சம் மைல் ஓடும் பிளக் என்று வாங்கிப்போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தால், வார்ப்பிரும்பு ஹெட்டில் மரை துருவேறி இறுகிவிடும். பூட் பிளக்கோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும்போது கிழியும். இரண்டு, நான்கு முனை வைத்த பிளக்கும் வேண்டாம். பொறி எத்தனை முனை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் பாயும். அந்தப் பணத்தை மூடியிலும் ஒயரிலும் போடுங்கள்.

பெட்டியில் ‘இடைவெளி சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தாலும் எட்டையும் கம்பி அளவியால் அளந்துவிடுங்கள். 0.035 அங்குலம், மி.மீ. கணக்கில் 0.9. தட்டை ஃபில்லர் கேஜ் பழைய பிளக்கில் பொய் சொல்லும். முனை குழிந்து தேய்ந்திருந்தால் தகடு குழியின் மேல் விளிம்பில் நின்றுவிடும். வளைக்கும்போது வெளி முனையை மட்டும் வளைக்க வேண்டும், நடு முனைமேல் கருவியை அழுத்தினால் உள்ளே பீங்கான் கீறும். அந்தக் கீறல் வெளியே தெரியாது, ஆனால் மழை நாளில் தெரியும்.

மூடியும் ரோட்டாரும்

இந்த வண்டியில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். பழைய மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

உள்ளே எட்டு முனைகள் வட்டமாக நிற்கின்றன. இந்த மூடியின் முனைகள் அலுமினியம். ஒவ்வொன்றின் முகத்திலும் வெள்ளைப் பொடி. விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து, அடியில் குழி தெரிகிறது. மூடிக்குள் பொறி ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே ஓசோன் உருவாகும். ஈரம் சேர்ந்தால் அது உலோகத்தை அரிக்கும். அலுமினியம் அரித்தால் வரும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ரோட்டார் முனைக்கும் மூடி முனைக்கும் இடையில் ஏற்கெனவே இருக்கும் சின்ன இடைவெளி அந்தப் பொடியால் இன்னும் பெரிதாகும். இரண்டு முனைகளுக்கு நடுவில் பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு கரிய முடிக்கோடு ஓடுகிறது. துணியால் துடைத்தால் போகவில்லை. அதுதான் கார்பன் பாதை: ஈரத்தில் ஒரு முறை பொறி பாய்ந்த இடத்தில் பிளாஸ்டிக் கரியாகிவிட்டது, கரி மின்சாரத்தைக் கடத்தும், அடுத்த பொறியும் அதே பாதையைத்தான் தேடும். உப்புத்தாளால் தேய்த்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாதை பிளாஸ்டிக்கின் உள்ளே இறங்கியிருக்கும், மேலே தேய்த்துப் பயனில்லை.

புதிதாக வாங்கும்போது பித்தளை முனை வைத்த மூடியைக் கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடும், அந்த வித்தியாசம் மதிப்புள்ளது. ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் ப்ளூ ஸ்ட்ரீக் வரிசை பித்தளையில் வருகிறது. வேறு நல்ல நிறுவனங்களிலும் கிடைக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு மூடியைக் கவிழ்த்து நிறத்தைப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளியாக இருந்தால் அலுமினியம். நடுவில் இருக்கும் கார்பன் பொத்தானை விரலால் அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங் விட்டு மேலே வர வேண்டும். பொத்தான் ஓரத்தில் உடைந்திருக்கும் மூடிகளும் அலமாரியில் இருக்கும்.

ரோட்டாரை மேலிருந்து பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடியைப் பாருங்கள். நடுவில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு எரிந்த புள்ளி இருந்தால் பொறி ரோட்டாரைத் துளைத்துக்கொண்டு தண்டுக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டி சில நேரம் நன்றாக ஓடும், சில நேரம் திடீரென்று எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து தடுமாறும். ஒயரை மாற்றி, பிளக்கை மாற்றி, பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிய பிறகும் குறை போகாத வண்டிகளில் இந்தப் புள்ளி பலமுறை காரணமாக இருக்கும். மூடியும் ரோட்டாரும் ஒரே நிறுவனத்தின் ஜோடியாக இருப்பது நல்லது. முனை நீளம் கொஞ்சம் மாறினாலும் நடுவில் இருக்கும் இடைவெளி மாறும்.

ரோட்டாரை எடுத்த கையோடு தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. அதோடு புது மூடி போட்டால் ரோட்டார் ஒரு பக்க முனைகளை உரசும், மறுபக்கம் விலகி நிற்கும். தண்டைச் சுற்றியிருக்கும் காந்தத் தட்டையும் பாருங்கள். இந்தச் சின்ன மூடி ஹெச்இஐ (ஜிஎம்மின் மின்னணு இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர்களில் காந்தம் விரிசல் விடுவது உண்டு. துருப்பொடி கலந்த உடைசல் தெரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவதுதான் வழி.

ஒயரும், 5-க்கும் 7-க்கும் உள்ள பகையும்

ஒயர் பெட்டியில் 7 மி.மீ., 8 மி.மீ. என்று இருக்கும் எண் வெளி உறையின் தடிமன். உள்ளே ஓடும் கடத்தியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சிலிகான் உறை போட்ட 8 மி.மீ. ஒயர் இந்த இன்ஜினுக்குச் சரி. 10 மி.மீ. வாங்கினால் வால்வ் கவரில் இருக்கும் பிடிப்பானில் உட்காராது. பிடிப்பான் இல்லாத ஒயர் எக்ஸாஸ்டின் மேல் சாய்ந்து உருகும்.

உள்ளே கார்பன் ஏற்றிய இழை இருக்கலாம், அல்லது மெல்லிய கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கலாம். இரண்டும் பரவாயில்லை. சுருள் வகை விலை கூடும், நாளும் கூட உழைக்கும். நேரான திடக்கம்பி ஒயர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் ரேடியோ இரைச்சல் பாட்டுப் பெட்டியைக் கெடுப்பதோடு நிற்காது. கம்ப்யூட்டருக்குப் போகும் சிக்னலிலும் கலந்து குழப்பும். வெட்டி முனை கோத்துக்கொள்ளும் பொது செட்டையும் தவிர்த்து, உங்கள் வண்டிக்கென்றே நீளம் வெட்டி வந்த செட்டை எடுங்கள். முனை சரியாக நசுங்காத ஒயர் புதிதாக இருக்கும்போதே மிஸ்ஸிங் தரும்.

பழைய ஒயரை மீட்டரில் வைத்துப் பார்க்கலாம். 30,000 ஓமைத் தாண்டினால் தூக்கிப்போடுங்கள். அதற்குள் இருந்தாலும், அளக்கும்போதே ஒயரை வளைத்து ஆட்டுங்கள். எண் குதித்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. மீட்டர் நல்ல எண் காட்டுவதை மட்டும் நம்பி ஒயருக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். மீட்டர் கடத்தியைத்தான் அளக்கிறது, உறையில் இருக்கும் ஓட்டையை அது பார்க்காது. அதற்குத்தான் இருட்டும் நீர்த்தூவலும்.

இப்போது இந்த வேலையிலேயே அதிகம் கவனிக்காமல் விடப்படும் விஷயம். இந்த வி8-இன் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படைச் சிலிண்டர்கள் டிரைவர் பக்கம், முன்னாலிருந்து பின்னாக 1, 3, 5, 7. இரட்டைப்படை பயணி பக்கம். வரிசையில் 5 ஃபயர் ஆனதும் அடுத்தது 7. இரண்டும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் ஒயர்கள் ஒரே பிடிப்பானில் ஒட்டி உரசிக்கொண்டு நீளமாக ஓடினால், 5-இன் ஒயரில் பாயும் மின்சாரத்தின் காந்தப்புலம் 7-இன் ஒயரில் சின்ன மின்னழுத்தத்தைத் தூண்டும். அந்த நேரத்தில் 7-வது பிஸ்டன் கலவையை அழுத்திக்கொண்டு மேலே வந்துகொண்டிருக்கிறது. உச்சிக்கு இன்னும் 90 டிகிரி பாக்கி. அழுத்தம் குறைவு என்பதால் சின்ன மின்னழுத்தமே பொறி விட்டுவிடக்கூடும். மேலே ஏறும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும். லேசான நாக்கிங் சத்தம், இழுவைக் குறைவு; தொடர்ந்தால் 7-வது பிஸ்டனுக்கே சேதம்.

ஒயர் புதிது, செட் நல்ல செட், எல்லாம் சரியாகக் கோத்திருக்கிறது, இருந்தும் லோடில் ஒரு கரகரப்பு என்றால் முதலில் இதைப் பாருங்கள். டிரைவர் பக்கப் பிடிப்பானில் 5-க்கும் 7-க்கும் நடுவில் 1-இன் ஒயரையோ 3-இன் ஒயரையோ நுழைத்துவிடுங்கள். பிடிப்பானைத் தாண்டிய பிறகும் ஒரு அங்குலமாவது விலக்கி வையுங்கள். எங்காவது ஒன்றை ஒன்று கடக்கத்தான் வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும், கூடவே ஓட விடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும் என்று ஒயர்களையெல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து டை போட்டு இறுக்குகிறவர்கள் இந்தத் தொல்லையைத் தாங்களே வரவழைக்கிறார்கள். இந்த வண்டியிலும் பின்னால் இரண்டு ஒயரையும் ஒரு பிளாஸ்டிக் டை கட்டிப்போட்டிருந்தது. பொறி தெரிந்ததும் அதே இடத்தில்தான்.

காயிலும் மாட்யூலும்

இன்ஜின் சூடானதும் அணைந்து, அரை மணி நேரம் ஆறிய பின் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் மாட்யூலைச் சந்தேகியுங்கள். இந்த வண்டிக்கு அந்தக் குறை இல்லை, அதனால் மாட்யூல் வாங்கவில்லை. பழசை முன்னெச்சரிக்கையாகக் கழற்றிப் புதிதாக மலிவானது போடுவதைவிட, வேலை செய்கிற பழசைக் கழற்றி, அடியைத் துடைத்து, புதுப் பேஸ்ட் தடவி மீண்டும் வைப்பது மேல். மாட்யூலின் சூடு அடியில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உலோகத்தில்தான் இறங்க வேண்டும்; பேஸ்ட் காய்ந்துபோனால் இறங்காது. இங்கே வேண்டியது வெப்பம் கடத்தும் பேஸ்ட். பூட்டுக்குள் தடவும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வேறு, அது ஈரத்தைத் தடுக்கும், சூட்டை நன்றாகக் கடத்தாது. இரண்டையும் மாற்றித் தடவுவது மிகவும் சகஜமான தவறு.

பிக்கப் காயிலை ஓம்மீட்டரில் பார்க்கலாம்: இரண்டு ஒயருக்கும் நடுவில் 500 முதல் 1,500 ஓம் வரை. ஒவ்வொரு ஒயருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் நடுவில் தொடர்பே இருக்கக் கூடாது. காயிலுக்கு, ஹெச்இஐ-க்கென்று 25,000 வோல்ட் அளவில் வரும் பொறிச் சோதனைக் கருவியை காயில் ஒயரில் மாட்டி, கிராங்க் செய்து, நீலமாக அடிக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை இரும்பருகே பிடித்துப் பொறி பார்க்கும் பழைய வழக்கத்தை இந்த அமைப்பில் விட்டுவிடுங்கள். கைக்கும் ஆபத்து, மாட்யூலுக்கும் ஆபத்து. காயிலில் சாம்பல் நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் இரண்டு கனெக்டர்கள் இருக்கும். உள்ளே பச்சைப்பாசி ஏறியிருந்தால் சுத்தம் செய்தாலே போதும்.

மாட்டும் வேலை

இன்ஜின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால், ஃபயர்வாலை ஒட்டி இருப்பதால் ஏர் கிளீனரை எடுத்தால்தான் கை போகும். த்ராட்டில் பாடியின் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். உள்ளே ஒரு திருகு விழுந்தால் இந்த வேலை வேறு வேலையாகிவிடும்.

பிளக்குக்கு 5/8 அங்குல பிளக் சாக்கெட், 3/8 ராட்செட், ஆறு அங்குல எக்ஸ்டென்ஷன், ஒரு மடங்கும் மூட்டு (யூனிவர்சல் ஜாயிண்ட்) வேண்டும். கழற்றும் முன் பிளக் குழிகளைச் சுற்றிக் காற்றடித்து மண்ணை ஊதிவிடுங்கள். பூட்டை நேராக இழுக்காமல் முதலில் பாதிச் சுற்று இடமும் வலமும் திருப்பி ஒட்டலை விடுவித்துவிட்டு, ஒயரைப் பிடிக்காமல் பூட்டைப் பிடித்து இழுங்கள்.

எட்டு பிளக்கையும் சிலிண்டர் வரிசைப்படி அட்டையில் குத்தி வையுங்கள். இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி எல்லாவற்றிலும் இருந்தால் பெட்ரோல் கூடுதல். ஒன்றில் மட்டும் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி சரியாகப் போகவில்லை. பளபளக்கும் ஈரக் கறுப்பு எண்ணெய். வால்வ் சீல் தேய்ந்த பழைய வி8-களில் அடிக்கடி பார்க்கலாம். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாகி முனை கொப்புளித்திருந்தால் அங்கே அதிகச் சூடு. இந்த வண்டியில் ஆறு பிளக் பழுப்பு, 5-இலும் 7-இலும் உலர்ந்த கரி. இடைவெளி எட்டிலும் 0.050 அங்குலத்தைத் தொட்டிருந்தது.

புதுப் பிளக்கை ராட்செட்டால் தொடங்காதீர்கள். ஒரு அடி நீளத்தில் ரப்பர் குழாய்த் துண்டை எடுத்து பிளக்கின் தலையில் செருகி, குழாயைச் சுழற்றி மரையில் ஏற்றுங்கள். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கும், ஹெட் பிழைக்கும். கையால் முழுவதும் இறங்கி உட்கார்ந்த பிறகு ராட்செட்டால் பதினாறில் ஒரு பங்கு சுற்று மட்டும். கூம்பு இருக்கை என்பதால் அதுவே பிடித்துக்கொள்ளும். வாஷர் பிளக்குக்குப் பழகிய கை இங்கே அரைச் சுற்று இறுக்கிவிடும். அடுத்த முறை அது கழறாது.

ஒயரை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். பழைய ஒயரை எடுத்து நீளத்தை ஒப்பிட்டுப் புதிதில் ஒன்றைத் தேர்ந்து, அதே பாதையில் ஓட்டி, இரண்டு முனையும் ‘கிளிக்’ என்று உட்கார்ந்ததைக் கையில் உணர்ந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். மூடியை மாற்றும்போது புதிய மூடியைப் பழையதன் பக்கத்தில் அதே திசையில் பிடித்துக்கொண்டு ஒயரை ஒவ்வொன்றாக இடம் மாற்றினால் ஆர்டர் தப்பாது. தப்பிவிட்டால், ரோட்டார் மேலிருந்து பார்க்கக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. 1-ஐக் கண்டுபிடித்து அந்தத் திசையில் 1-8-4-3-6-5-7-2 என்று கோத்து வாருங்கள். பூட்டின் உள் விளிம்பில் மட்டும் மெல்லிய டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினால் போதும்.

டைமிங்

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாமல் மூடி, ரோட்டார் மட்டும் மாற்றினால் டைமிங் மாறாது. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. யாராவது முன்பே திருப்பிவைத்திருப்பார்கள்.

இந்த அமைப்பில் வேக்குவம் அட்வான்ஸும் எடைக்கற்களும் இல்லை. கிராங்க் செய்யும்போது மாட்யூல்தான் பொறி நேரத்தைத் தீர்மானிக்கும். இன்ஜின் ஏறக்குறைய 400 சுற்றைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் ஒரு ஒயர் வழியே 5 வோல்ட் அனுப்பி அதிகாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். அந்த ஒயர் பழுப்பில் கறுப்புக் கோடு போட்டது. பயணி பக்கம், ஹீட்டர் பெட்டியை ஒட்டித் தனி ஒற்றை கனெக்டராக இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு இடம் சற்று மாறும். அதைக் கழற்றாமல் டைமிங் லைட் அடித்தால் நீங்கள் பார்ப்பது கம்ப்யூட்டர் கூட்டிக் கொடுத்த நேரம். அதை 0-க்குத் திருப்பினால் வண்டி நோயாளிபோல் இழுக்கும்.

இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, அந்தக் கனெக்டரைக் கழற்றி, 1-ஆம் ஒயரில் டைமிங் லைட்டின் கிளிப்பை மாட்டி, ஐடிலில் பேலன்ஸரில் (கிராங்கின் முன்முனைச் சக்கரம்) இருக்கும் குறியைப் பாருங்கள். 5.7 டிபிஐ-க்கு 0 டிகிரி. மாற்ற வேண்டுமானால் டிஸ்ட்ரிபியூட்டர் பிடிப்பு போல்ட்டை 9/16 ஸ்பேனரால் லேசாகத் தளர்த்தி, மயிரிழையாகத் திருப்புங்கள்; கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் நேரம் முன்னால் போகும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும். கனெக்டரைத் திரும்ப மாட்டுங்கள். இதற்குள் செக் இன்ஜின் விளக்கு எரிந்து கோடு 42 பதிவாகியிருக்கும். இன்ஜினை அணைத்துப் பேட்டரி நெகட்டிவை அரை நிமிடம் கழற்றினால் போய்விடும். மறுநாளும் அதே 42 வந்தால் கனெக்டர் சரியாக உட்காரவில்லை.

குறி ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நடுங்கினால் இக்னிஷன் சாமானை மேலும் மாற்றாதீர்கள். டைமிங் செயினைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கடிகாரத் திசையில் குறியை 0-வுக்குக் கொண்டுவந்து, பிறகு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ரோட்டார் அசையத் தொடங்கும் வரை கிராங்க் எத்தனை டிகிரி சும்மா திரும்பியது என்று பாருங்கள். 8, 10 என்று போனால் செயின் நீண்டுவிட்டது. பேலன்ஸரின் ரப்பர் வளையம் நழுவியிருந்தால் குறியே தவறான இடத்தில் நிற்கும். 1-ஆம் சிலிண்டரின் உச்ச நிலையைத் தனியாக உறுதி செய்யாமல் அந்தக் குறியை வைத்து டைமிங் வைக்க முடியாது.

இந்த வண்டியில் குறி 4 டிகிரி பின்தங்கி நின்றது, 0-வுக்குக் கொண்டுவரப்பட்டது. செயினில் 4 டிகிரி ஆட்டம், விட்டுவிடலாம். ஐடில் உதறல் நின்றது, ஸ்ப்ரே பாட்டிலால் நனைத்தாலும் மாறவில்லை. 500 மைல் ஓடியதும் 5, 7 இரண்டு பிளக்கை மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் மற்ற ஆறைப் போலவே பழுப்புக்குத் திரும்பியிருந்தால் கரிக்குக் காரணம் ஒயர். மறுபடியும் கரி என்றால் அந்த இரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட வேண்டும்.